இனயத்து டேப்பும் பாதி உயரக் கார்டும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் உள்ளே ஒவ்வொரு உறுப்பிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். மெமரியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டியில் ஒன்று. ரிப்பேருக்கு விட்டால் உள்ளே இருக்கிற நல்லதைக் கழற்றிக்கொண்டு வேறெதையாவது மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அப்படி எனக்கு ஒருமுறைகூட நடந்ததில்லை. நடக்காததற்குக் காரணமே அந்தப் பொட்டுதான் என்பது என் கட்சி. என் கணவர் என்னைச் சந்தேகப் பிராணி என்பார். கல்யாணமான புதிதில் கோபமாகச் சொன்னார், பிறகு கேலியாகச் சொன்னார், அப்புறம் வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

அவர் வீடியோ எடுப்பவர். நான் மிக்சிங் செய்பவள். அதாவது அவர் எடுத்துவரும் டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் போட்டு, டிஸ்காக ஆக்கிக் கொடுப்பது என் வேலை. குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அடுக்களைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே இடுங்கிய ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு மேசை, அதன்மேல் தட்டையான சின்னக் கம்ப்யூட்டர். என் அண்ணன் திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு ஆபீஸில் ஏலம் போட்டபோது எடுத்துத் தந்தது அது. டைப் அடிக்கப் பிறந்த பெட்டியில் நான் கல்யாணங்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண டேப் என்றால் முனகிக்கொண்டே ஓடும். இவர் புதுசாக எச்.டி. காமரா வாங்கிய பிறகு அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மணமகன் தாலியைக் கையில் எடுப்பார், படம் நின்றுவிடும். மறுபடி ஓடும்போது தாலி கட்டி முடிந்திருக்கும். திரையில்தான் அப்படி, டிஸ்கில் சரியாக வரும். ஆனால் எப்போதும் சரியாக வருமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு எதில்தான் இல்லை.

கடற்கரை ஊர்களில் கல்யாணத்துக்கு அழைப்பதுபோலவே அடக்கத்துக்கும் வீடியோக்காரரை அழைப்பார்கள். எந்த வீட்டை எடுத்தாலும் ஒருவராவது கல்ஃபில் இருப்பார். லீவு கிடைத்து விமானம் பிடித்து வருவதற்குள் இங்கே மண் போட்டுவிடுவார்கள். அதனால் அவர் பார்ப்பதற்கென்று சவப்பெட்டியில் வைப்பது, கோயிலில் பூசை, கல்லறைத் தோட்டம் எல்லாம் எடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கிறான்.

2011 வாக்கில் இனயம் என்கிற கடற்கரை ஊரில் வயதான ஒருவர் இறந்துபோனார். அவருக்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவர் கல்ஃபில். இளையவர் ஊரிலேயே கடலுக்குப் போகிறவர், அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவர். மூத்தவர்தான் அங்கிருந்து என் கணவருக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அண்ணே, எனக்க பாஸ்போர்ட்டு கம்பெனில இருக்கு, தரமாட்டேங்கான். எனக்க அப்பனுக்க அடக்கத்த நான் பாக்கது ஒங்க காமராவிலதான். பெட்டிய மூடுதது வர ஒரு நிமிசம் விடாம எடுத்துத் தாருங்கோ" என்றார். என் கணவர் "விடமாட்டேன் மக்கா, நீ தைரியமா இரி" என்று சொல்லிவிட்டுக் காமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் டேப்பை என்னிடம் தந்தார். நான் ஏற்றினேன். அடக்க வீடியோவில் என் வேலை அதிகம் கிடையாது. அழுகைச் சத்தம் கேட்டால் கல்ஃபில் இருப்பவர்கள் தாங்கமாட்டார்கள் என்று சத்தத்தை அப்படியே அமுக்கிவிட்டு ஒரு துக்கப்பாட்டை முழுக்க ஓடவிடுவேன். படத்தில் கை வைப்பதே இல்லை. டிஸ்க் ஆக்கி, அந்த ஊரிலிருந்து அங்கே போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம். அதோடு மறந்தும்போனேன்.

ஐந்தாறு வாரம் கழித்து மூத்தவரின் ஃபோன் வந்தது. இந்தத் தடவை எனக்கு. இவரை அண்ணன் என்பதால் என்னை மைனி, அதாவது அண்ணி, என்பார்.

"மைனி, ஒரு எடத்துல படம் துள்ளுது" என்றார்.

"எங்க?"

"பெட்டிய மூடுததுக்கு முன்ன. எல்லாரும் கடைசி முத்தம் குடுக்காவல்லா, எனக்க அம்ம கிட்ட வாறா, அந்த எடம். துள்ளுததுக்கு முன்ன அப்பனுக்க வெரலுல செபமாலைய நல்லா சுத்திக் கட்டியிருக்கு. துள்ளினப் பொறவு அது மணிக்கட்டுல தொங்குது. எடது கை நெஞ்சிலயிருந்து எறங்கிக் கெடக்கு. நான் ஆயிரம் தடவ பாத்தாச்சு. செத்தவன் தானா கைய அசப்பானா மைனி?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "அந்தக் கையப் பிடிச்சு ஆரோ இழுத்திருக்காவ. முத்திரைத்தாள்ல கைநாட்டு வச்சிருக்காவ. வீட்டயும் அது நிக்குத பொரயிடத்தயும் தம்பி எழுதி எடுத்திருக்கான். அத நீங்க வெட்டி மாத்தித் தந்திருக்கிய. உள்ளதச் சொல்லுங்க, தம்பி ஒங்களுக்கு என்ன தந்தான்?"

ஊரையெல்லாம் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன், என்னை ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. "எனக்க பிள்ளைகளுக்க மேல ஆணையா நான் வெட்டல்ல" என்றேன். அதற்குள் என் கணவர் ஃபோனைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"இது கம்ப்யூட்டருக்க சோலியாக்கும் மக்கா. பழைய பெட்டி. படம் ஓட்டுததுக்குன்னு தனியா கிராபிக்ஸ் கார்டு உண்டு, இதுல அது கிடையாது, அதனால எச்.டி. படத்த இழுத்து முழுங்கும். இவகிட்ட கேட்டுப் பாரு, கல்யாணத்துலயும் இப்பிடித்தான்."

அது பொய்யில்லை, அந்தப் பெட்டி இழுப்பது எனக்குத் தெரிந்ததுதானே. நானும் பக்கத்திலிருந்து "ஆமா, ஆமா" என்றேன்.

பிறகு மூத்தவர், "அப்ப அந்தக் கார்டப் போட்டு வையுங்க. கிறிஸ்மசுக்கு முன்ன எனக்கு லீவு உண்டு. ஏர்போட்டுல எறங்கி நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன். அசல் டேப்ப எனக்க கண்ணால பாக்கணும். அது வர தம்பிக்க வாசல்ல நான் கால் வைக்கமாட்டேன். அப்பவும் துள்ளினா கேசுதான். ஒங்க ரெண்டு பேரயும் சேத்துத்தான்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு அண்ணன் தம்பிகள், நடுவில் அந்தத் தம்பி வீட்டில் இருக்கிற கிழவி, இங்கே நாங்கள். எல்லாருடைய மானமும் என் மேசைமேல் இருக்கிற தட்டைப் பெட்டியில் வந்து மாட்டிக்கொண்டது. கேசு என்று ஒன்று வந்தால் இரையுமன்துறை முதல் முட்டம் வரை ஒருவர்கூட எங்களை அடக்கத்துக்கு அழைக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கும்தான்.

கார்டு வாங்க வேண்டும் என்றேன். என் கணவர், "வாங்கு. நல்லதாப் பாத்து வாங்கு" என்றார்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மவுஸ் வாங்க வேண்டுமென்றால்கூட, பழசைத் துடைத்துப் பார், ஊதிப் பார், வெயிலில் வைத்துப் பார் என்று ஒரு மாதம் இழுக்கிற மனுசன். இவ்வளவு சுளுவாகச் சம்மதித்தால் அதில் ஏதோ இருக்கிறது. என்ன என்று பிடிபடவில்லை. அதை மனதில் ஒரு மூலையில் போட்டுவைத்துக்கொண்டேன்.

கார்டு தேடுவது பெண் தேடுவதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து, கார்டு நிற்கவேண்டிய இடத்தின் உயரத்தை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு ஈர்க்கிலை வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஒடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அளவு டேப்பால் அளக்கலாமே என்பீர்கள். டேப்பில் பார்த்த அளவைக் கடைக்காரன் பேசிப் பேசி மறக்கடித்துவிடுவான், ஈர்க்கில் வாதாடாது.

நாகர்கோவிலில் முதலில் போனது ஒரு பெரிய கண்ணாடிக் கடை. ஏ.சி. போட்டிருந்தார்கள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மிக்சிங் என்று சொன்னதும் அங்கிருந்த தம்பி ஒரு பெரிய டப்பாவை எடுத்து முன்னால் வைத்தான். டப்பாவில் வாள் பிடித்த ஒரு ராட்சசன் படம். "ஒரு ஜி.பி. கார்டு அக்கா. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

கண்ணைத் திறந்துகொண்டே ஈர்க்கிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கார்டு ஈர்க்கிலைவிட இரண்டு மடங்கு உயரம்.

"கேபினெட்டு சின்னதா? அப்ப அதையும் மாத்திருவோம் அக்கா. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இது தாங்காது. மதர்போர்டும் ரொம்பப் பழசா இருக்குமே."

ஒரு கார்டு கேட்டு வந்தவளிடம் பழைய பெட்டியில் மிச்சம் வைத்தது கீபோர்டை மட்டும்தான். "மாத்தலாம், வீட்டுல கேட்டுட்டு வாறேன்" என்று சொல்லி வெளியே வந்தேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும்.

இரண்டாவது கடையில் பாதி உயரக் கார்டு இருந்தது. ஈர்க்கிலுக்குக் கச்சிதம். ஆனால் டப்பாவின் ஓரத்து ஒட்டு பிரிந்திருந்தது. அந்த மாதிரிக் கார்டுக்குப் பெட்டியோடு சேர்த்துத் திருக இரண்டு தகடு வரும் என்று நான் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன், பெரிய பெட்டிக்கு நீளத் தகடு, சின்னப் பெட்டிக்குக் குட்டைத் தகடு. இதில் குட்டையைக் காணோம். திருகாணித் தலைகளில் கீறல்.

"பிரிச்சிருக்கே" என்றேன்.

"டெமோ காட்டப் பிரிச்சதாக்கும் அக்கா, ஃபிரெஷ் பீசு."

கார்டை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனேன். சிகரெட் வாடை. ஏதோ பிரவுசிங் சென்டரில் ஒரு வருஷம் புகையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மீன் வாங்க வந்தவள் ஆகிவிட்டேன். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம் என்றால் இதற்கு மோந்து பார்த்தால் என்ன. திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மூன்றாவது கோட்டாறில் ஒரு மாடிக்கடை. உள்ளே ஒரே ஆள், முகத்தில் சிரிப்பே கிடையாது. நான் ஈர்க்கிலை எடுப்பதற்கு முன்பே அவர், "மெஷினக் கொண்டுவராம நான் கார்டு தரமாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"இங்கேருந்து நல்ல கார்டக் கொண்டுபோவாவ, வீட்டுல தலகீழா சொருவி எரிச்சுப்போட்டு, நீரு செத்த கார்டத் தந்தீருன்னு வந்து நிப்பாவ. நான் ஒருத்தரயும் நம்புததில்ல."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. மறுநாள் கம்ப்யூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ராஜாக்கமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் லக்கேஜ் என்றார். மடியில் இருந்தால் லக்கேஜ் இல்லை என்று மணவாளக்குறிச்சியிலிருந்து ஆரம்பித்த சண்டை வேப்பமூடு வரை போனது. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார்.

மாடிக்கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்துவைத்தார். இரண்டும் பாதி உயரம், இரண்டும் ஒட்டுப் பிரியாத டப்பா. ஒன்றில் சின்ன ஃபேன். மற்றதில் ஃபேன் இல்லை, சூடு இறங்குவதற்கு ஒரு அலுமினியச் சீப்பு மட்டும். ஃபேன் இருந்ததில் மெமரி அதிகம் என்று பெரிதாக எழுதியிருந்தது, விலையோ குறைவு.

"கூடுதல் மெமரி, கொறஞ்ச வெலை. எப்பிடி?" என்றேன்.

"மெமரி கூடுதல்தான், ஆனா பழைய மெமரி, மெதுவாப் போவும். டப்பாவில எழுதுததுக்கு வச்சதாக்கும் அது" என்றார், பிடுங்கினாற்போல. முந்தின இரண்டு கடைகளிலும் இதே கேள்வியை நான் கேட்டிருந்தேன். அங்கேயும் வேண்டா வெறுப்பாக இதையேதான் சொன்னார்கள். மூன்று கடைக்காரர்கள் மனமில்லாமல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

"வீடு எங்க?" என்று கேட்டார்.

"கடக்கரையில."

"அப்ப ஃபேனத் தொடாண்டாம். உப்புக்காத்துல ஆறு மாசத்துல துரு ஏறி நிக்கும். பொறவு இந்த மாடியில ஏறி வந்து என்னய ஏசுவிய."

ஃபேன் இல்லாததை எடுத்தேன். அவர் கார்டின் பின்பக்கம் கறுப்பு மையால் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார், வேறு கார்டைக் கொண்டுவந்து இதுதான் என்று நான் சாதித்துவிடக் கூடாதாம். நான் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கம்ப்யூட்டரின் உள்ளே எட்டிப் பார்த்து, அங்கிருந்த மற்றப் பொட்டுகளையும் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார்.

அவர் மாட்டிக் காட்டியபோது ஓடியது, வீட்டுக்கு வந்து போட்டால் திரை முழுக்க இருட்டு. ஏமாற்றிவிட்டான் படுபாவி என்று ஃபோனைப் போட்டேன். "வயரப் பழைய ஓட்டையில சொருவியிருப்பிய, புதுக் கார்டுல சொருவுங்க" என்றார். மாற்றிச் சொருகினேன், வெளிச்சம் வந்தது. "அத நான் அப்பவே பாத்தாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதலில் பழைய கல்யாணம் ஒன்றை ஓட்டினேன். தாலி எடுப்பதும் கட்டுவதும் எண்ணெய் விட்டதுபோல ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை, இழுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிழவிக்கு இரண்டு பிள்ளைகளும் உண்டு, எங்களுக்குப் பிழைப்பும் உண்டு என்று நினைத்துக்கொண்டு இனயத்து டேப்பைப் போட்டேன்.

பெட்டி. மெழுகுதிரி. ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுக்கிறார்கள். விரலில் செபமாலை. கிழவி வருகிறாள், குனிகிறாள். துள்ளியது.

மறுபடி போட்டேன். அதே இடம், அதே துள்ளல். மணிக்கட்டில் செபமாலை.

காரணம் கம்ப்யூட்டர் இல்லை. கார்டு இல்லாததும் இல்லை. இத்தனை வருஷம் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்தத் தட்டைப் பெட்டி இந்த விஷயத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தத் தடவை பாட்டில்லாத அசல் சத்தத்தை ஏற்றிக் கேட்டேன். கிழவியின் குரல், "மூத்தவன்..." என்று எழும்புகிறது, அந்த ஒரு சொல்லோடு அறுந்துவிடுகிறது. அடுத்து அவள் ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், யாரோ தண்ணீர் கொடுக்கிறார்கள். குனிந்திருந்த கிழவி ஒரு நொடியில் நாற்காலிக்கு எப்படிப் போவாள்?

முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்க்க முடியாது, நின்றால் நின்றதுதான். இப்போது முடிந்தது. துள்ளுவதற்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கடைசிப் படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒன்று நுழைகிறது. ஒரு உள்ளங்கை. தூண்டில் கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடுகிறது. யாரோ காமராவை மறைக்க வருகிறார்கள். மறைத்தால் இருட்டாக ஓடியிருக்க வேண்டும், ஆனால் இருட்டே இல்லை. அப்படியென்றால் கை வந்ததும் காமராவை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்துகிற பட்டன் என் கணவரின் பெருவிரலுக்கு அடியில் இருந்தது.

அவர் வெளியே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இஞ்சேருங்க, உள்ள வாங்க" என்றேன். என் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரையில் அந்த உள்ளங்கையை நிறுத்திவைத்திருந்தேன். அவர் பார்த்தார். கையிலிருந்த துணியை மடித்தார்.

"கைநாட்டு வாங்கினாவளா?" என்றேன்.

"சீ. வாய அலம்பு."

"பொறவு?"

சொன்னார். கிழவி குனிந்தது முத்தம் கொடுக்க இல்லையாம். செத்த மனுசனின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, மூத்த மகனை வாய்க்கு வந்தபடி வைய ஆரம்பித்துவிட்டாள். காமரா நின்ற பிறகும் விடவில்லை, அந்த உலுக்கலில்தான் செபமாலை நழுவியது. "அவ மூத்தவன்னு எடுத்ததுமே எளயவன் ஓடி வந்து காமராக்க முன்ன கைய நீட்டிட்டான். அண்ணே, இத எனக்க அண்ணன் கேக்காண்டாம், அவன் அங்க ஒத்தைக்குக் கெடக்கான், இதக் கேட்டா என்னத்தயாவது செய்துபோடுவான்னு கையெடுத்துக் கும்பிட்டான். நான் நிறுத்திப்போட்டேன். ஒருத்தருட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கும் குடுத்தாச்சு."

"எங்கிட்டயுமா?"

அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"பொறவு எதுக்கு என்னயக் கார்டு வாங்க விட்டிய? கட கடயா ஏறி எறங்க விட்டிய?"

"நீ நம்பணும்லா" என்றார். "நான் சொன்னா அவன் நம்பமாட்டான். ஆனா ஒன்னய மாதிரி ஒரு சந்தேகப் பிராணி, கம்ப்யூட்டர்தான் காரணம்னு சொன்னா ஊர்ல எவனும் நம்புவான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் கேலி செய்த என் குணத்தை அந்த மனுசன் ஒரு சாட்சிப் பத்திரமாகப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சோறு வைத்தேன், ஆனால் பரிமாறவில்லை. வேண்டுமென்றால் எடுத்துச் சாப்பிடட்டும்.

மூத்தவர் சொன்னபடியே வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து டாக்சியில், மேலே கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு. டாக்சியை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, என் வயதுகூட ஆகாத ஆள். காப்பி கொடுத்தேன், தொடவில்லை. அவர் வருவதற்கு முன்னால் என் கணவர் என்னிடம், "டேப்புல உப்புப் பிடிச்சுப்போச்சுன்னு சொல்லிருவோம், கேட்டியா" என்று சொல்லியிருந்தார். நான் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

"கார்டு போட்டாச்சா?" என்று கேட்டார் மூத்தவர். மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். எனக்கு அது புரிந்தது, நானாக இருந்தாலும் தொட்டுத்தான் பார்த்திருப்பேன். பிறகு டேப்பைப் போட்டேன். படம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. கிழவி வந்தாள், குனிந்தாள், துள்ளியது. அவர் உடம்பு விறைத்தது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். மூத்தவர் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார்.

"மைனி, நீங்க ஒருத்தரயும் நம்பமாட்டியன்னு ஊர்ல சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க. இது கம்ப்யூட்டர்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சந்தேகப்படுகிறவர்களை எனக்குத் தெரியும், நான் அந்த ஜாதிதானே. பொய்யை வாங்கிக்கொண்டு அமைதியாகப் போகமாட்டார்கள். வீட்டுக்குப் போய் அதை மறுபடி பிரிப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், செத்துப்போகிற வரைக்கும் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். இவர் கையில் ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்பினால் அந்தத் தம்பி சாகிறவரை திருடன்தான்.

"கம்ப்யூட்டர் இல்ல" என்றேன். "காமராவ நிறுத்தியிருக்கு. நிறுத்தச் சொன்னது ஒங்க தம்பி."

"ஏட்டி" என்றார் என் கணவர்.

மூத்தவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "கைநாட்டுதானே?"

"ஒங்க அம்ம ஒங்களயாக்கும் ஏசியிருக்கா. அத நீங்க கேக்காண்டாம்னு ஒங்க தம்பி கும்பிட்டிருக்கான். மிச்சத்த இவருட்ட கேளுங்க, அங்க நின்னது இவருதான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "அம்ம என்ன சொன்னா?"

"அதெல்லாம் எதுக்கு மக்கா. துக்கத்துல ஆயிரம் சொல்லுவாவ."

"சொல்லுங்கண்ணே."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இறங்கிய குரலில், பாடம் ஒப்பிப்பதுபோல. "மூத்தவன் வந்தானான்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தீரே, வரல்லியே. பணம் அனுப்புத கைக்கு ஒரு பிடி மண்ணள்ளிப் போட நேரமில்லியே. இனி அவன் எனக்க மொகத்துல முழிக்காண்டாம். நான் செத்தாலும் வராண்டாம்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எதையாவது உடைப்பார், இல்லை விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அடக்கத்துக்கு மறுநாளு அம்மைக்கு ஃபோன் போட்டேன் மைனி. சுகமா மக்கா, சாப்பிட்டியா மக்காங்கா. தம்பியும் அப்பிடித்தான், ஒண்ணும் கவலப்படாதண்ணேங்கான். அப்பன் செத்ததுக்கு வராத மகன ஒருத்தரும் ஒரு வார்த்த வையல்ல. எத்தன மாசம். தேன் மாதிரி பேசுனா நான் என்ன நெனைப்பேன்? எல்லாருமாச் சேந்து என்னத்தயோ எடுத்துட்டுத்தான் இப்பிடிப் பேசுதாவன்னு நெனச்சேன்."

என் கணவர் வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அண்ணே, அம்ம சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் மூத்தவர்.

என் கணவர் சொன்னார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. மூத்தவர் தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு சொல்லுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். முடிந்ததும் எழுந்து, ஆறிப்போயிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

டாக்சிக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். "இனயம்" என்றார். கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்க அம்ம இப்பவும் என்னய வைவாளா மைனி?"

"வைவா" என்றேன். "போங்க, போய் வாங்கிக்கிடுங்க."